வடகாட்டுக் கரிபூ மான்கள்

மிகுதியாயுள்ளது அழியாது என எண்ணுதல் மக்களியல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கனடாவின் வடகிழக்கிலே, கியூபெக், லபிறடோர் ஆகிய நிலப்பரப்புகளில் வாழும் ஜோர்ஜ் ஆற்றுக் கரிபூக் கூட்டத்தின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

கரிபூ குளிர்நாட்டு மானாகும். ஐரோப்பாவில் ரெயின்டியர் என வழங்குவதும் இவ்வினமே. ஆணைப் போலப் பெண்ணும் கொம்பு தாங்குதல் மான் குலத்துள் இதற்கே உரிய சிறப்பு. பனியைத் தோண்டுவது எனப் பொருள்படும் மிக்மாக் மொழிச் சொல்லொன்றே கரிபூ எனத் திரிந்தது. பெயர் பொருத்தமானதே. மாரியில் இவை ஊசியிலைக் காடுகளுட் புகுந்து, அகன்ற குளம்புகளாற் பனியை அகழ்ந்து, அடியிற் கிடக்கும் இலைக்கன்களை உண்டு உயிர்வாழ்கின்றன. அல்காவும் பங்கசும் ஒன்றி வாழும் இவ்விலைக்கன்கள் மிக மெதுவாக வளர்வன. ஒருமுறை மிதிபட்டு அழிந்த நிலம் மீளப் பல பத்தாண்டுகள் செல்லும்.

இளவேனிலிற் சினைப்பெண்கள் முன்செல்லக் கூட்டம் மரமற்ற மேட்டுநிலங்களை நோக்கிப் பெயரும். அங்கே யூன் மாதத்திற் கன்றுகள் பிறக்கும். ஓநாய்கள் குறைந்த அத்திறந்த வெளி கன்றுகளுக்கு ஓரளவு காப்பாகின்றது. வீசும் காற்று நுளம்புகளின் தொல்லையையும் தணிக்கின்றது. கூதிர் வந்ததும் கூட்டம் காட்டை நோக்கித் திரும்பும்.

இப்பயணம் இடரற்றதன்று. 1984 செப்தெம்பரில் பெருக்கெடுத்த கனியாப்பிஸ்கோ ஆற்றைக் கடக்க முயன்று ஏறத்தாழ 10,000 கரிபூக்கள் மாண்டன. ஆயினும் கூட்டத்தை நிலைகுலையச் செய்தது அவ்வெள்ளமன்று. 1990களின் தொடக்கத்தில் இக்கூட்டம் ஏறத்தாழ 8 இலட்சமாகப் பெருகியிருந்தது. 2001இல் அது 3,85,000 ஆயிற்று, 2010இல் 74,000, 2014இல் 14,200, 2018இல் 5,500. 2022இல் 7,200 எனச் சிறிது உயர்ந்தது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் ஒன்றன்று. பெருகிய கூட்டம் தன் கோடை மேய்ச்சல் நிலத்தைத் தானே நலிவித்தது. உணவு குன்றவே தாய்கள் மெலிந்தன. பிழைக்கும் கன்றுகளும் குறைந்தன. சுருங்கிய கூட்டத்தின்மீது வேட்டையும் ஓநாய், கரடி ஆகியவற்றின் தாக்கமும் முன்னினும் கடுமையாய் விழுந்தன. மாறிவரும் காலநிலையும் சுரங்கம், வீதி முதலியவற்றால் நிலம் துண்டுபடுதலும் மீட்சியை அரிதாக்குகின்றன. இயல்பாக ஏறியிறங்கும் தொகையேயாயினும், இறங்கியது தானே ஏறும் என வாளாவிருத்தல் இனித் தகாது.

2013இல் லபிறடோரில் இக்கூட்டத்தை வேட்டையாடுதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இன்னு மக்களுக்கு இத்தடை உணவிழப்பு மாத்திரமன்று. கரிபூவின் எலும்பு மச்சையைப் பகிர்ந்துண்ணும் மகுஷான் விருந்து அவர்தம் சமயவாழ்வோடு பிணைந்தது. நிலத்தைப் பற்றிய அறிவும் வேட்டையின் வழியே தலைமுறை தோறும் கையளிக்கப்பட்டு வந்தது. எனவே மான் குறையுந்தோறும் அவ்வறிவும் குறையும். அவ்வாண்டிலேயே இன்னு, இனுயிற், கிறீ, நஸ்காப்பி முதலிய மக்கள் வட்டமேசை ஒன்றை அமைத்து, 2017இல் கரிபூக் காப்புத் திட்டமொன்றை வெளியிட்டனர். முன்பு தனித்தனியே வேட்டையாடியோர் இன்று ஒருங்குகூடிக் காக்க முற்படுதல் போற்றற்குரியது.

எட்டு இலட்சம் எண்ணாயிரத்துக்கும் குறைவாதற்கு ஒரு மனிதனின் வாழ்நாளிற் பாதியும் வேண்டப்படவில்லை. எண்ணிக்கையன்று, அதனைத் தாங்கும் நிலமே ஓர் உயிரினத்தின் அரண் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.