அணைத்த பின்னும் அடங்காத மின்சாரம்

1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்தில் டேவிட் ஹாஃப்ளர் நடத்திவந்த டைனாக்கோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டீரியோ 70' என்னும் வால்வு ஆம்ப்ளிஃபையர், வாங்குகிறவரே வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்துப் பூர்த்தி செய்துகொள்ளும்படியான உதிரித் தொகுப்பாகவும் விற்பனைக்கு வந்தது. ஆகையால், வால்வு யந்திரத்தை வீட்டு மேஜையில் வைத்துத் திறப்பது அதன் சரித்திரத்தோடு கூடவே பிறந்த வழக்கம். அதை அடியோடு தகாத காரியம் என்று தள்ளுவதற்கில்லை. ஆனால், புத்தம் புதிய உறுப்புகளை அச்சிட்ட விளக்கத்தின்படி வரிசையாகப் பூட்டிய அக்காலத்து ரசிகரின் நிலை வேறு. அறுபது வயதைக் கடந்து, பலர் கைபட்டு, அசல் உறுப்பு எது, பிற்பாடு மாற்றியது எது என்று விளங்காத ஒரு பெட்டியை, டிரான்ஸிஸ்டர் சாதனங்களில் பழகிய தைரியத்தை மட்டுமே துணைகொண்டு இன்று திறப்பவரின் நிலை வேறு.

சாதாரண டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் உள்ளே சில பத்து வோல்ட்டுகளே நடமாடுகின்றன. ஸ்டீரியோ 70-இல் வால்வுகளின் பிளேட்டுக்குச் செல்வதோ 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்சாரம். அதைச் சமனப்படுத்தும் கண்டென்சர்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தம்மிடமுள்ள மின்னூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று 400 வோல்ட்டில் 8 ஜூல் சக்தியை வைத்திருக்கும். கைவழியே மார்பினூடே பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடிய அளவு அது. சூடாக இருக்கும் வால்வுகள் அணைத்த சில விநாடிகளில் அந்த மின்னூட்டத்தைத் தாமே உறிஞ்சிவிடுவது உண்மை. ஆனால் வால்வு பழுதாகியிருந்தாலோ, கழற்றி வைக்கப்பட்டிருந்தாலோ, வடிகால் ரெசிஸ்டரும் இல்லாத பட்சத்தில் அது வடிந்துபோக வழியே இராது. கண்ணாடி உடையக்கூடாதே என்று வால்வுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைச் சோதிக்க முனைகிறவர், இதனாலேயே அதிக அபாயத்துக்கு ஆளாகிறார்.

இந்த மின்னூட்டத்தை வடிக்க, ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்கச் செய்யும் முறை கண்டென்சரைக் கெடுக்கும். பொறிக்கு அஞ்சித் துள்ளும் கை வேறெங்காவது படவும் கூடும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையை முதலில் சேஸிஸில் கிளிப்பால் கவ்வவிட்டு, உறையிட்ட மறுமுனையைக் கண்டென்சரின் மேல் சில விநாடிகள் வைத்துப் பிடித்து, பிறகு மீட்டரால் அளந்து பார்ப்பதே முறை. வடித்த கண்டென்சரும் சற்று நேரத்தில் தானாகவே கொஞ்சம் வோல்ட்டை மீட்டுக்கொள்ளுமாதலால், மறுபடியும் ஒருமுறை அளப்பது அவசியம்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதே என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். ஃபேஸில் சென்ற மின்சாரம் நியூட்ரலில் முழுவதும் திரும்புகிறதா என்று பார்த்துத் துண்டிக்கும் அந்தச் சாதனம், ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் நடப்பதை அறியாது. 400 வோல்ட் முனையில் ஒரு கையும் சேஸிஸில் மறு கையும் பட்டவரின் உடல்வழியே பாயும் மின்சாரம், டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுருளிலேயே புறப்பட்டு அதிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. வீட்டு ஒயரிங்கில் கணக்கு நேராகவே இருக்கும். மின்னோட்டத்தோடு அளவெடுக்க நேரும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழைய மெக்கானிக்குகளின் சம்பிரதாயத்துக்கு இதுதான் காரணம்.

இனி, யந்திரத்துக்கு நேரும் கேடு. ஒலியை ஸ்பீக்கருக்குத் தள்ளும் இ.எல். 34 வால்வுகளை அடக்கி ஆள்வது, கிரிட்டுக்குத் தரப்படும் எதிர்மின்னழுத்தமான 'பயாஸ்'. ஸ்டீரியோ 70-இல் ஒவ்வொரு ஜோடிக்கும் உரிய 15.6 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 1.56 வோல்ட் நிற்கும்படி திருகைத் திருப்பினால், வால்வு ஒன்றுக்கு 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். பயாஸைத் தயாரிக்கும் செலினியம் ரெக்டிஃபையர் நாட்பட நலிந்தாலோ, முன்கட்டத்திலிருந்து ஒலியைக் கடத்தும் கண்டென்சர் சற்றே கசிந்தாலோ, அடக்கம் தளர்ந்து, 25 வாட் வெப்பம் மட்டுமே தாங்கக்கூடிய பிளேட் கண்ணாடிக்குள் செக்கச்செவேலென்று பழுத்துவிடும். வால்வைக் குற்றம் சொல்லிப் புதியதைச் செருகுவார் உரிமையாளர். மூலகாரணம் வேறிடத்தில் இருப்பதால் புதியதும் அதே கதியை அடையும்.

'முன்னேற்றம்' என்ற பெயரில் செய்யும் மாறுதல்களும் இவ்விதமே வேறோர் உறுப்பைத் தாக்குகின்றன. ஹம் குறையட்டும் என்று முதல் கண்டென்சரைப் பெரிதாக்குகிறவர், ஜி.இஸட். 34 ரெக்டிஃபையர் வால்வுக்குத் தயாரிப்பாளர் விதித்த உச்சவரம்பு 60 மைக்ரோஃபாரட் என்பதை மறந்துவிடுகிறார். வேறு ஆம்ப்ளிஃபையரில் 6எல்6 வால்வு இருந்த இடத்தில் இ.எல். 34-ஐ வைப்பவரோ, ஹீட்டர் ஒன்றுக்கு 0.9 ஆம்பியர் கேட்டது இனி 1.5 கேட்கும் என்பதையும், முதல் பின்னின் இணைப்பே வேறு என்பதையும் கவனிப்பதில்லை. ஸ்பீக்கரை இணைக்காமல் சத்தத்தை ஏற்றிப் பார்ப்பதும் கூடாது. வெளியேற வழியற்ற சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பேரளவான மின்னழுத்தமாக எழும்பி அதன் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். இரைச்சலைத் தவிர்க்க எர்த் பின்னை நீக்குவதும், ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் உலோகத் தாளைச் சுற்றுவதும் எவ்விதத்திலும் மன்னிக்கத்தக்கவை அல்ல.

பழுது பார்த்த பிறகு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கையில், பழைய இழை பல்பு 100 வாட்டில் ஒன்றை சீரீஸாக இணைத்துக்கொள்வது உத்தமம், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியதாதலால், இங்கே அதற்கு முன்னால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டாயம் வேண்டும். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் பொதுவாகக் கவலையில்லை. பிரகாசம் குறையாமலே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களை மறுபடி வடித்து, மீட்டர் சுழியம் காட்டிய பின்பே கையை உள்ளே விட வேண்டும்.