மின்பதிப்புப் பணியில் திருத்த வரலாறு: கிட் மென்பொருளின் அடிப்படைக் கட்டளைகள்

ஆய்வுச்சுருக்கம்

சுவடியிலிருந்தும் அச்சுநூலிலிருந்தும் உருவாக்கப்படும் மின்பாடங்களில் பதிப்பாசிரியர் செய்யும் திருத்தங்களும் அவற்றுக்கான காரணங்களும் பெரும்பாலும் பதிவாவதில்லை. இக்குறையைக் களைவதற்குக் கிட் என்னும் மென்பொருளின் அடிப்படைக் கட்டளைகள் பயன்படுமாற்றையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்பதிப்பு, பாடவேறுபாடு, திருத்த வரலாறு, கிட், களஞ்சியம்.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் பதிப்புகளில் பிரதிபேதங்கள் அடிக்குறிப்பாக இடம்பெறுதல் ஆய்வாளர் நன்கறிந்தது. சுவடிகள் தம்முள் எங்ஙனம் வேறுபடுகின்றன என்பதை அவை காட்டுகின்றன. ஆயின், பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை முதலில் ஏற்றுப் பின்னர் விலக்கியிருப்பின், அம்மாற்றம் எப்போது, எக்காரணத்தால் நிகழ்ந்தது என்பதை அச்சிட்ட நூலைக் கொண்டு அறிதல் அரிது. கணினியில் இச்சிக்கல் மேலும் வலுக்கிறது. கோப்பைச் சேமிக்குந்தோறும் முந்தைய வடிவம் மறைகிறது. அதற்கஞ்சி ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘இறுதித் திருத்தம்’ எனப் படிகளைப் பெருக்கினால், சுவடிகளுக்குக் கால்வழி காணும் ஆய்வாளர் தம் கோப்புகளுக்கே கால்வழி தேட நேரிடும்.

லினக்ஸ் இயங்குதளக் கருவின் நிரல்மாற்றங்களைப் பேணுவதற்காக 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது கிட். நிரலுக்கென எழுந்ததாயினும், எளிய உரைக்கோப்பு எதற்கும் இது பொருந்தும். இவ்வகை மென்பொருளைப் ‘பதிப்புக் கட்டுப்பாடு’ எனச் சுட்டுவதுண்டு. பதிப்பியலில் அச்சொல் மயக்கம் தருமாதலின், இங்குத் ‘திருத்த வரலாறு’ என்பதே ஆளப்படுகிறது. கட்டளைகள் உரோமன் எழுத்தில் தட்டச்சிடப்பெறுவன. ஈண்டு அவை ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன.

களஞ்சியமும் பதிவும்

கோப்புறை ஒன்றனுள் ‘கிட் இனிட்’ என்னும் கட்டளையை இட்டால் அது களஞ்சியமாகிறது. ‘கிட் கான்ஃபிக்’ வழியாகப் பதிப்பாசிரியர் தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் ஒருமுறை அமைத்துக்கொள்ள வேண்டும். ‘கிட் ஸ்டேட்டஸ்’ எக்கோப்புகள் மாறியுள்ளன எனக் காட்டும். ‘கிட் ஆட்’ மாற்றத்தை ஆயத்தப்பகுதியில் வைக்கும். ‘கிட் கமிட்’ அதனைக் குறிப்புரையோடு நிலையான பதிவாக்கும்.

சேமித்தலும் பதிதலும் வேறு என்பதே இங்கு உணரத்தக்கது. சேமித்தல் பாடத்தைக் காக்கும். பதிதல் முடிவைக் காக்கும். சான்றாக, ஓலையில் ஒகர ஓகார வேறுபாடு குறிக்கப்படாமையின் ‘கொடி’, ‘கோடி’ ஆகிய இரண்டும் ஒரே வடிவில் அமையும். முதலில் ‘கொடி’ எனப் படித்த ஆசிரியர் பின்னர்க் ‘கோடி’ எனத் திருத்துவதாகக் கொள்வோம். குறிப்புரையில் ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ‘அடுத்த அடி நெடில்முதற் சீரால் தொடங்குதலின், எதுகை நோக்கிக் கோடி எனக் கொள்ளப்பட்டது’ என எழுதின், பின்வருவோர் அம்முடிவை ஏற்கவோ மறுக்கவோ இயலும். சந்தி பிரித்தலையும் பாடத்திருத்தத்தையும் ஒரே பதிவில் கலவாது, ஒரு காரணத்திற்கு ஒரு பதிவு என அமைப்பது நன்று.

வேறுபாடு காணல்

‘கிட் லாக்’ பதிவுகளை நாள், பெயர், குறிப்புரை ஆகியவற்றோடு வரிசைப்படுத்தும். ‘கிட் டிஃப்’ ஆயத்தப்படுத்தாத மாற்றங்களை வரிவரியாகக் காட்டும். ‘கிட் பிளேம்’ ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார், எப்பதிவில் என்பதைச் சுட்டும்.

ஒப்பீடு வரியை அலகாகக் கொண்டது. அடிக்கொரு வரியாக அமையும் செய்யுளுக்கு இது மிகவும் இயைந்தது. உரைப்பகுதியிலோ ஒரு பத்தி முழுதும் ஒரே வரியாக இருப்பின், ஓரெழுத்து மாறினும் பத்தி முழுதும் மாறியதாகத் தோன்றும். வாக்கியத்திற்கு ஒரு வரி என எழுதுதலும், சொல்லளவில் ஒப்பிடும் ‘வேர்ட்-டிஃப்’ விருப்பத்தைச் சேர்த்தலும் இதற்குத் தீர்வாகும்.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கிட் இவற்றை வேறெனக் காட்டும். எனவே பாடவேறுபாடு இல்லாத இடத்திலும் வேறுபாடு தோன்றக்கூடும். பணியின் தொடக்கத்திலேயே கோப்புகளை ஒரே வடிவிற்குச் சீராக்கி, அதனைத் தனிப்பதிவாக இடுதல் வேண்டும்.

மீட்டலும் மறுத்தலும்

‘கிட் ரீஸ்டோர்’ பதியப்படாத மாற்றங்களை நீக்கும். நீக்கியவற்றைக் கிட் வழியாக மீட்க இயலாதாகையால் இதனை எண்ணிக் கையாள வேண்டும். ‘கிட் ரிவர்ட்’ பழைய பதிவை அழிப்பதில்லை. அதனை மறுக்கும் புதிய பதிவொன்றை உருவாக்கும். ஏற்றதும் விலக்கியதும் ஒருங்கே நிற்றலின் பதிப்பியலுக்கு இதுவே ஏற்றது.

கிளையும் இணைப்பும்

ஐயத்திற்குரிய பாடத்தைச் சோதிக்கக் ‘கிட் பிராஞ்ச்’ வழியாகக் கிளை அமைத்து, ‘கிட் ஸ்விட்ச்’ வழியாக அதற்கு மாறலாம். முடிவு ஏற்கத்தக்கதாயின் ‘கிட் மெர்ஜ்’ அதனை முதன்மைப் பாடத்தோடு இணைக்கும். இரு கிளைகளில் ஒரே வரி வெவ்வேறாகத் திருத்தப்பட்டிருப்பின் கிட் தானாக ஒன்றைத் தெரிவதில்லை. இரு வடிவங்களையும் குறியிட்டு நிறுத்தும். எது பாடம் எனத் துணிவது ஆய்வாளர் கடன்.

எல்லைகள்

கிட் பதிவது பதிப்பாசிரியரின் திருத்தங்களையே. சுவடிகளுக்கிடையிலான வேறுபாடுகளை அன்று. பிரதிபேத அட்டவணை தனியே அமைக்கப்படல் வேண்டும். சொற்செயலிக் கோப்புகளில் வரி ஒப்பீடு பயன்தராது; எளிய உரைவடிவே தக்கது. களஞ்சியம் ஒரே கணினியில் இருப்பின் அக்கணினி பழுதுறும்போது வரலாறும் அழியும். ஆதலின் ‘கிட் புஷ்’ வழியாக வேறிடத்தும் படியொன்றைப் பேணுதல் இன்றியமையாதது.

முடிவுரை

இக்கட்டளைகளைச் சில நாள் பயிற்சியில் கற்கலாம். அரியது ஒவ்வொரு முடிவிற்கும் காரணம் எழுதும் வழக்கமே. மென்பொருள் நாளையும் பெயரையும் தானே குறித்துக்கொள்ளும். காரணத்தைப் பதிப்பாசிரியரே எழுத வேண்டும். அது எழுதப்படாவிடின், திருத்த வரலாறு மாற்றங்களின் பட்டியலாகவே எஞ்சும்.