பி.காம். படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

என் பெரியம்மா மகள் சிவகாசியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளிடம் கேட்டும், அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தும் இதை எழுதுகிறேன்.

பி.காம். என்றால் பேங்க் வேலைக்குப் போவதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்க அப்பத்தா அதைக்கூட நம்பவில்லை. "வட்டிக் கணக்குப் படிக்க மூணு வருசமா?" என்று கேட்டுச்சு. அக்கா கோபப்படவில்லை. "அப்ப நீ வாங்கின கடனுக்கு வட்டி எவ்வளவுன்னு சொல்லு பாப்போம்" என்றாள். வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கடன் எங்க அம்மா வாங்கியது. அம்மா பட்டாசாபீஸ் வேலைக்குப் போகிறார்கள். நம்ம ஊரில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கதைதான், தெரியும். தீபாவளி முடிந்தால் கொஞ்ச நாள் ஆபீஸ் பூட்டியிருக்கும். மழை பெய்தால் வெயிலில் காய வைக்க முடியாது, அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த மாதங்களில் வாரத் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கடன் எடுப்போம். கொடுக்கும்போதே 1500 பிடித்துக்கொண்டு 8500 கையில் தருவார். வாரம் 1000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து ரூபாய்தானே வட்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா ஒரு கட்டம் போட்டாள். கையில் வந்தது 8500தான், அதனால் 8500-ல் இருந்து ஆரம்பிக்க வேண்டும். வாரத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்று வைத்துப் பார்த்தாள். முதல் வாரம் வட்டி 255. அம்மா கட்டிய 1000-ல் அது போக 745 அசலில் கழியும். மீதி 7755. இரண்டாம் வாரம் இந்த 7755-க்குத்தான் வட்டி. இப்படியே குறைந்துகொண்டே போய்ப் பத்தாவது வாரம் கணக்கு முடிகிறது. முடிவது மட்டுமில்லை, நாம் 40 ரூபாய் கூடக் கட்டியிருப்போம். அப்படியென்றால் உண்மையான வட்டி வாரத்துக்கே 3 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மாதத்துக்குப் பார்த்தால் நூற்றுக்கு 13 ரூபாய்க்கு மேலே! அம்மா அந்தத் தாளை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா இருக்கிற மகளிர் குழுவில் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அங்கே 10,000 வாங்கினால் முழுசாக 10,000 கையில் வரும். மாதம் 1000 அசலும், மீதி அசலுக்கு மட்டும் வட்டியும் கட்டினால், முதல் மாதம் 100, அடுத்து 90, அடுத்து 80 என்று பத்து மாதத்துக்குச் சேர்த்து 550 ரூபாய்தான் வட்டி. தண்டலில் பத்தே வாரத்துக்கு 1500. ஆனால் குழுவில் உடனே கிடைக்காது, கூட்டம் போட்டுத்தான் தருவார்கள். அவசரத்துக்குத் தண்டல்காரர்தான் வாசலில் நிற்கிறார். அதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டத்தை அவர்கள் நிதி மேலாண்மை என்ற பாடத்தில் போடுகிறார்களாம். பெரிய கம்பெனி பாண்டு கணக்கும் இதே மாதிரிதான் என்றாள் அக்கா.

அதே பாடத்தில் நடைமுறை மூலதனம் என்று ஒன்று வருகிறது. இதற்குப் பட்டாசுத் தொழிலைவிட நல்ல உதாரணம் கிடையாது என்பேன். ஆபீஸ்காரர் வருடம் முழுக்க அலுமினியப் பொடி, கந்தகம், காகிதம் வாங்க வேண்டும், வாராவாரம் கூலி கொடுக்க வேண்டும். விற்பனை தீபாவளியை ஒட்டித்தான். அதுவும் பாதி கடன் விற்பனை. நடுவில் இருக்கிற மாதங்களை எந்தப் பணத்தில் ஓட்டுவது? சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் ரொக்கக் கடன் வாங்குவார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது. அந்த மாதிரி நேரத்தில் சரக்கு தேங்கும், வங்கிக் கடன் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு ஏன் வேலை நாள் குறைந்தது என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

நம்ம பக்கத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. விருதுநகரில் அந்தக் காலத்து வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைப்பார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். அப்படி வளர்ந்ததுதான் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலா. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. 1962-ல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. அந்த வங்கி 2022 செப்டம்பரில் பங்கு ஒன்று 510 ரூபாய் என்று பொதுமக்களுக்கு விற்றது. பங்கு வாங்கினால் லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு. இது முதலீட்டுப் பாடம். சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை உங்களுக்கே தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

வங்கியியல் பாடத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. நாம் வங்கியில் போடும் பணத்துக்குக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் இருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை. தெருவில் பிடிக்கிற தீபாவளிச் சீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. சீட்டு நடத்துவதற்கு 1982-ல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது, பதிவு செய்துதான் நடத்த வேண்டும். எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்த ஒருவர் ஒரு வருடம் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டுப் போய்விட்டார். பதிவு எண் என்ன என்று அவரிடம் ஒருத்தரும் கேட்டதே இல்லை. கேட்கணும்னே யாருக்கும் தெரியாது.

பி.காம். சேர ஆசைப்படுபவர்கள் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல் உள்ள பிரிவை எடுப்பது நல்லது. டெபிட், கிரெடிட் அங்கேயே ஆரம்பித்துவிடும். கணக்கு வராது என்று பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் சதவீதம் வந்தால் பெரும்பாலும் போதும் என்கிறாள் அக்கா. அவளுக்குக் கஷ்டமாக இருப்பது வருமான வரியும் ஆங்கிலமும்தான். பக்கத்தில் கல்லூரிக்கும் பஞ்சமில்லை. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி (1947), பெண்களுக்கு வன்னியப்பெருமாள் கல்லூரி (1962), சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி (1963) எல்லாம் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அக்கா பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அந்தப் பணத்தைத்தான் வைத்துக்கொள்கிறாள்.

அம்மாவுக்கு இன்னும் மூன்று தவணை பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் குழுவில் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா போட்ட கட்டம் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டுபவர்கள் இடைவேளையில் என்னிடம் கேட்கலாம். உங்கள் வீட்டுத் தண்டல் அட்டையைக் கொண்டு வந்தால் அதையும் போட்டுப் பார்ப்போம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி