தூண்டிலுக்கு முன் வெப்பமானி

மீன் பிடிக்கப் போகிறவருக்கு என்னென்ன தேவை? தூண்டில், நைலான் நரம்பு, இரை, கொஞ்சம் பொறுமை என்று நீங்கள் சொல்லக்கூடும். வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் கோடைக்காலத்தில் சால்மனும் டிரவுட்டும் பிடிக்கப் போகிறவர் இவற்றோடு இன்னொரு கருவியையும் படகில் ஏற்றிக்கொள்கிறார். அது வெப்பமானி. தூண்டிலை இறக்குவதற்கு முன் அவர் நீரில் இறக்குவது அதைத்தான்.

ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ள வேண்டாம். மிச்சிகன் ஏரியின் நீளம் 494 கி.மீ.; அகலம் சில இடங்களில் 190 கி.மீ.; மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. அலை அடிக்கிறது, சரக்குக் கப்பல்கள் போகின்றன. நீர் உப்புக் கரிக்காது என்பது ஒன்றுதான் கடலுக்கும் அதற்கும் வேறுபாடு என்று தோன்றும். இவ்வளவு நீரில் ஒரு மீன் எங்கே இருக்கிறது என்று எப்படித் தேடுவது?

இங்கேதான் வெப்பமானி உதவுகிறது. மீன் குளிர் இரத்தப் பிராணி. நம்மைப் போல் உடல் வெப்பத்தை ஒரே அளவில் காத்துக்கொள்ள அதனால் இயலாது. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையே ஏறக்குறைய அதன் உடலின் வெப்பநிலையும் ஆகும். ஆகவே தனக்கு ஏற்ற வெப்பநிலை எங்கே இருக்கிறதோ அங்கே அது போய்ச் சேருகிறது. ஏரி டிரவுட்டுக்குச் சுமார் 8 முதல் 10 டிகிரி சென்டிகிரேடு வரை பிடிக்கும். சினூக் சால்மனுக்கு 10 முதல் 13 வரை. வானவில் டிரவுட் இன்னும் சற்று வெதுவெதுப்பை நாடும். 13 முதல் 16 வரை. (இந்த வானவில் டிரவுட் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு பொரிப்பகம் அமைத்தார்கள்.)

ஆகஸ்டு மாதத்தில் மிச்சிகன் ஏரியின் மேற்பரப்பு 20 டிகிரியைத் தாண்டிவிடும். அடியிலோ 4, 5 டிகிரிதான். மேலே மீனுக்குச் சூடு அதிகம், கீழே குளிர் அதிகம். இடையில் எங்கோ ஓர் ஆழத்தில் 12 டிகிரி இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஆழத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி மீனைப் பிடித்தாயிற்று.

நான்கு டிகிரியின் வேலை

பள்ளிப் பாடநூலில் ஹோப்பின் கருவியை நீங்கள் படித்திருப்பீர்கள். நீரின் அடர்த்தி 4° செ. வெப்பநிலையில் மிக அதிகம் என்பதை மெய்ப்பிக்கும் சோதனை அது. ஆண்டுதோறும் மாணவர்கள் படம் போட்டு, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் பெற்று, தேர்வு அறையிலேயே அதை விட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு பெரிய ஏரியின் வாழ்க்கை முழுவதும் அந்த உண்மையின் மேல் நிற்கிறது என்பதை நாமும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஒரு லிட்டர் நீரை எடுத்துக்கொள்வோம். 4 டிகிரியில் அதன் நிறை ஏறத்தாழ 1000 கிராம். 20 டிகிரியில் அதே ஒரு லிட்டரின் நிறை 998.2 கிராம். வேறுபாடு இரண்டு கிராம்கூட இல்லை. ஆனால் இந்த அற்ப வேறுபாடே ஏரியை இரண்டாகப் பிரித்துவிடப் போதுமானது. வெயிலில் சூடான இலேசான நீர் மேலே மிதக்கிறது. குளிர்ந்த கனமான நீர் கீழே தங்குகிறது. காற்று மேல்நீரைக் கலக்குகிறது. அந்தக் கலக்கல் ஓரளவு ஆழம் வரைதான் எட்டுகிறது. அதற்குக் கீழே கனமான நீரைத் தூக்கி மேல்நீருடன் கலக்கக் காற்றுக்கு வலு போதாது. ஆகவே இரண்டுக்கும் இடையே சில மீட்டர் ஆழத்திற்குள் வெப்பநிலை விறுவிறுவென்று இறங்கும் ஒரு படலம் உண்டாகிறது. இதை வெப்பச்சரிவு அடுக்கு எனலாம். மீன்பிடிப்போர் தெர்மோக்லைன் என்பார்கள். கோடையில் இது பெரும்பாலும் 15 முதல் 30 மீட்டர் ஆழத்தில் நிற்கும். சால்மன் விரும்பும் வெப்பநிலை அமைவது இந்தச் சரிவில்தான்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி அளவு குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது மை கலந்து, ஒரு கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக மேலே வழிய விடுங்கள். நிற நீர் மேலேயே நிற்கும். இலேசாக ஊதிப் பாருங்கள். மேற்பரப்பு அசையும், அடிநீர் அசையாது.

சிறிய குளங்களில் அடிநீர் இப்படி மூடப்பட்டுவிட்டால், மக்கும் பொருள்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் அங்கே வாழ முடியாது. மிச்சிகன் ஏரியின் அடிநீரில் மக்கும் பொருள்கள் குறைவு, நீரோ ஏராளம். மேலும் குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 5 டிகிரியில் 12.8. ஆகையால் ஏரி டிரவுட் கோடை முழுவதும் ஆழத்தில் நிம்மதியாக இருக்கிறது.

வசந்த காலத்தில் நடப்பது இதைவிட வியப்பானது. கரையோர நீர் ஆழம் குறைந்தது, ஆதலால் முதலில் சூடேறுகிறது. கரைப்பக்கம் 6 டிகிரியும் நடு ஏரியில் 2 டிகிரியும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அவை சந்திக்கும் இடத்தில் கலந்தால் கிடைப்பது 4 டிகிரி நீர்; அது இரண்டையும்விடக் கனமானது! உடனே அது மூழ்குகிறது. கரைக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர்போல் இந்த மூழ்கும் நீர் நின்று, கரையோர வெதுநீர் நடு ஏரிக்குப் போகாமல் தடுக்கிறது. இதற்கு வெப்பத்தடுப்பு என்று பெயர். ஏப்ரல் மாதத்தில் ஏரியின் தென்கோடியில் கோஹோ சால்மன்கள் கரையை ஒட்டிக் கூட்டமாகத் திரிவதற்கு அங்கே முதலில் சூடேறும் இந்த ஆழமற்ற நீரே காரணம்.

நேற்று இருந்த மீன்

நேற்று 25 மீட்டரில் கிடைத்த மீன் இன்று அதே இடத்தில், அதே ஆழத்தில் இல்லை. புதிதாக வந்தவர் மீனைத் திட்டுவார். அனுபவம் உள்ளவர் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று கேட்பார்.

பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்பக்கமாக விலகுகிறது. இதுவே கோரியோலிஸ் விளைவு. வடகாற்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வீசினால் மேல்நீர் தெற்கே நகர்வதோடு மேற்கேயும் ஒதுங்குகிறது. தெற்கு நோக்கிப் போகிறவருக்கு வலக்கைப் பக்கம் மேற்குதானே? அப்போது கிழக்குக் கரையில் வெதுநீர் விலகிய இடத்தை நிரப்ப, அடியிலிருந்து குளிர்நீர் எழும்பி வருகிறது. கோடையின் நடுவில்கூட ஒரே நாளில் கரையோர நீர் 10 டிகிரி குளிர்ந்துவிடுவது உண்டு. குளிக்க வந்தவர்கள் அலறிக்கொண்டு கரையேறுவார்கள். மீன்பிடிப்பவருக்கோ கொண்டாட்டம், ஏனெனில் சால்மன் கரைக்கு அருகிலேயே வந்துவிடும். தென்காற்று நீடித்தால் இதே கதை மேற்குக் கரையில் நடக்கும். இப்போது செயற்கைக்கோள் எடுக்கும் வெப்பப் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் படகை எடுக்கிறார்கள். ஆயினும் அந்தப் படம் நீரின் மேல்தோலின் வெப்பநிலையை மட்டுமே காட்டும். அடியில் இருப்பதை அறிய வெப்பமானியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

சரியான ஆழம் தெரிந்த பின், அங்கே இரையைக் கொண்டுபோய் நிறுத்துவது அடுத்த சிக்கல். ஓடும் படகின் பின்னால் நரம்பு மேலே எழும்பிக்கொண்டே வரும். இதற்காக டவுன்ரிக்கர் என்னும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். நான்கரை கிலோ எடையுள்ள ஓர் ஈயக் குண்டை மெல்லிய எஃகுக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். தூண்டில் நரம்பு அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் பிடிக்கப்பட்டிருக்கும். மீன் கடித்து இழுத்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும். பிறகு மீனுக்கும் மனிதனுக்கும் இடையே குண்டு இல்லை.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி. படகு ஓடும்போது குண்டு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. நீர் அதிகம் எதிர்ப்பது குண்டையா, கம்பியையா? குண்டு என்றுதான் என் மாணவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். நான்கரை கிலோ ஈயக் குண்டின் விட்டம் சுமார் 9 செ.மீ.; நீரை எதிர்கொள்ளும் பரப்பு 65 சதுர செ.மீ. கம்பியின் தடிமன் 0.8 மி.மீ.தான், ஆனால் நீளம் 30 மீட்டர். பெருக்கினால் 240 சதுர செ.மீ.! நூல் போன்ற கம்பியே குண்டைவிடப் பன்மடங்கு இழுவையை உண்டாக்குகிறது. இந்த இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். படகின் வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் இழுவை இரண்டேகால் மடங்காகும். குண்டு சில மீட்டர் மேலே வந்துவிடும். இறக்கிய கம்பியின் அளவைக் காட்டும் முள் மட்டும் 30 என்றே காட்டிக்கொண்டிருக்கும். மீனின் படலமே சில மீட்டர்தான் என்பதால் இந்தப் பிழை சிறிதன்று.

படகின் அடியில் ஒரு சோனார் பெட்டியும் இருக்கும். அது அனுப்பும் ஒலி 30 மீட்டர் போய்த் திரும்ப ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கு நேரமே ஆகிறது. மீனின் உடலில் ஒலியை நன்றாக எதிரொலிப்பது அதன் சதையன்று, காற்றுப்பை. வெப்பச்சரிவு அடுக்கில் தேங்கும் நுண்ணுயிர்களும் சிறிது எதிரொலிப்பதால் திரையில் அந்த அடுக்கே ஒரு மங்கலான கோடாகத் தெரிவதுண்டு.

குடிவந்த மீன்கள்

இவ்வளவு நுட்பத்தோடு தேடப்படும் சினூக்கும் கோஹோவும் இந்த ஏரியின் மீன்களே அல்ல. இங்கு இயற்கையாக வாழ்ந்தது ஏரி டிரவுட். நயாகரா அருவியைச் சுற்றிச் செல்ல வெட்டப்பட்ட வெல்லண்டு கால்வாய் வழியாக, விலாங்கு போன்ற கடல் லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணி மேல் ஏரிகளுக்குள் புகுந்தது. மிச்சிகன் ஏரியில் 1936-இல் அதைக் கண்டார்கள். வட்டமான வாயால் மீனின் உடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும் பிராணி அது. மிகுதியாகப் பிடிக்கப்பட்டதாலும் லாம்ப்ரேயாலும் 1950-களின் நடுவில் மிச்சிகன் ஏரியில் ஏரி டிரவுட் அற்றே போயிற்று. உண்பதற்கு ஆளில்லாமல், கடலிலிருந்து வந்த இன்னொரு சிறு மீனாகிய ஏல்வைஃப் பெருகிற்று. 1967 கோடையில் அவை கோடிக்கணக்கில் செத்துக் கரைகளில் குவிந்தன.

லாம்ப்ரேயின் குஞ்சுகளை ஓடைகளிலேயே கொல்லும் மருந்து 1958 முதல் பயனுக்கு வந்திருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் மீன்துறைக்குத் தலைமை ஏற்ற ஹோவர்ட் டானர், பசிபிக் கரையின் சால்மனை இங்கே கொண்டுவந்து ஏல்வைஃபைத் தின்ன விடலாம் என்று துணிந்தார். ஆரிகன் மாநிலத்திலிருந்து பெற்ற முட்டைகளைப் பொரித்து 1966-இல் கோஹோக் குஞ்சுகளைப் பிளாட் ஆறு முதலிய இடங்களில் விட்டார்கள். மறு ஆண்டு சினூக்கும் விடப்பட்டது.

1967 இலையுதிர் காலத்தில் அந்தக் குஞ்சுகள் ஐந்தாறு கிலோ மீன்களாகத் திரும்பின. முட்டையிடும் காலத்தில் சால்மன் ஆழத்தை விட்டு ஆற்று முகத்துக்கே வந்துவிடும். டவுன்ரிக்கர் வேண்டாம், பெரிய படகும் வேண்டாம். ஆகவே சிறு படகுகள் நூற்றுக்கணக்கில் பிளாட் விரிகுடாவில் குவிந்தன. செப்டம்பர் 23 அன்று காற்று வலுத்தது. அலையின் உயரம் காற்றின் வேகத்தையும், அது வீசும் நேரத்தையும், தடையின்றி வீசும் நீர்வெளியின் நீளத்தையும் பொறுத்தது. ஏரி அலைகள் ஒன்றையொன்று நெருங்கிச் செங்குத்தாக வரும். ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகம் குறைந்து உயரம் கூடி உடைகிறது. கரைக்குத் தப்பி ஓடியவர்கள் அலை மிக மோசமாக இருக்கும் இடத்தையே தேடிப் போனார்கள். ஏழு பேர் இறந்தனர்.

ஏல்வைஃபைத் தின்ன வந்த சால்மன், பிறகு ஏல்வைஃப் இல்லாமல் வாழ முடியாது என்ற நிலைக்கு வந்தது. 1997-இல் மிச்சிகன் ஏரியில் காணப்பட்ட குவாகா சிப்பி, கப்பல்களின் அடித்தொட்டி நீரில் கருங்கடல் பகுதியிலிருந்து வந்தது. ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீரை வடிகட்டக் கூடியது. ஏரியின் அடியெங்கும் அவை பரவியதால் நீர் கண்ணாடிபோல் தெளிந்தது. பார்வைக்கு அழகுதான். ஆனால் வடிகட்டப்பட்டது அழுக்கன்று. சிறு மீன்களின் உணவுக்கு ஆதாரமான நுண்பாசி. அண்டையிலுள்ள ஹியூரான் ஏரியில் 2003, 2004 ஆண்டுகளில் ஏல்வைஃப் குலைந்தது; பின்னாலேயே சினூக்கும் குலைந்தது; அதை நம்பியிருந்த கரையோர ஊர்களில் படகுகள் வாடகைக்குப் போகாமல் நின்றன. அதே கதி நேராதிருக்க, மிச்சிகன் ஏரியில் விடும் சினூக் குஞ்சுகளின் எண்ணிக்கையை 2013-இல் பாதியாகக் குறைத்தார்கள். பிடிக்க விரும்புகிறவர்களே குறைவாக விடச் சொல்ல வேண்டி வந்தது. அது எளிதாக முடிந்த வழக்கன்று.

ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் ஆராய்ச்சிக் கப்பல்கள் இரவில் ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கின்றன. ஏல்வைஃப்கள் இரவில்தான் அடியைவிட்டு மேலெழுந்து சிதறி நிற்கும். மீன்பிடிப்பவரின் படகில் இருக்கும் அதே வகைச் சோனார், இன்னும் நுட்பமாக, அவற்றின் காற்றுப்பைகளிலிருந்து வரும் எதிரொலியை எண்ணுகிறது. அடுத்து எத்தனை சால்மன் குஞ்சுகளை விடுவது என்பதை முடிவு செய்ய அமரும்போது, அந்த எண்ணிக்கையும் மேசைமேல் இருக்கும்.