சேறு பிடிக்கும், சேறு விடும்

மார்கழி முடியப்போகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய மதுராந்தகம் ஏரி தளும்பிக்கொண்டு நிற்கிறது. மதகுத் தண்ணீர் பாயும் கழனிகளில் நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டிப் பரம்பும் அடித்தாயிற்று. கழனி முழுக்க வானம் தெரிகிறது. வரப்பிலிருந்து அதற்குள் இறங்கினால் முதல் அடி சுலபம். கணுக்காலைத் தாண்டிக் கால் இறங்கி, அடியில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டு நிற்கும். இரண்டாவது அடிதான் சோதனை. பின்காலைத் தூக்கினால் சேறு விடாது. பலங்கொண்டு இழுத்தால் ஊன்றிய கால் இன்னும் புதையும். நூறடி போவதற்குள் மூச்சு வாங்கும்.

அதே கழனியில், இடக்கையில் நாற்று முடியோடு குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடியே நடவு நடுகிறவர்கள் காலையிலிருந்து மதியம்வரை இந்தச் சேற்றில்தான் நடக்கிறார்கள். நம்மைப் பிடிக்கிற சேறு அவர்களை எப்படி விடுகிறது? உலகமெங்கும் பரவிவரும் சேற்றுத் தடையோட்டம் என்ற விளையாட்டைப் புரிந்துகொள்ள, இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி.

ஒரு விளையாட்டின் பிறப்பு

சேற்றுத் தடையோட்டம் என்பது சில கிலோமீட்டர் ஓட்டம். வழியில் சேற்றுக் குழி, தாழ்வாகக் கட்டிய வலை, உயரச் சுவர், தொங்கும் கயிறு, மணல் மூட்டை, தண்ணீர்த் தொட்டி என்று தடைகள் இருக்கும். எல்லாவற்றையும் கடந்தால்தான் ஓட்டம் முடியும்.

இதன் வேர் ராணுவப் பயிற்சியில் இருக்கிறது. 1902 மே மாதம் கரீபியன் கடலின் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்துச் செயின்ட் பியர் நகரம் அழிந்தது. அப்போது மீட்புப் பணியில் ஈடுபட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர். உடல்வலிமை என்பது ஆபத்தில் பிறருக்கு உதவுவதற்காகவே என்ற எண்ணம் அவருக்குள் ஊன்றியது. ஓடுதல், ஏறுதல், தாண்டுதல், சுமத்தல், தவழ்தல், நீந்துதல் எல்லாம் கலந்த பயிற்சிமுறை ஒன்றை அவர் உருவாக்கினார். ராணுவங்களின் தடைப் பயிற்சிக் களங்களில் அந்தச் சிந்தனையின் சாயல் உண்டு. நம் பக்கத்திலேயே, பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையத்திலும் தடைக்களம் பயிற்சியின் ஒரு பகுதி. 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள்.

பொதுமக்களுக்கான பந்தயமாக இது மாறியது இங்கிலாந்தில். வுல்வர்ஹாம்ப்டன் அருகே ஒரு பண்ணையில் 1987இல் 'டஃப் கை' தொடங்கியது. 2010இல் அமெரிக்காவில் 'டஃப் மடர்', 'ஸ்பார்ட்டன் ரேஸ்' இரண்டும் பிறந்தன. இந்தியாவில் 2012இல் தொடங்கிய 'டெவில்ஸ் சர்க்யூட்' 5 கிலோமீட்டரில் 15 தடைகள் என்ற கணக்கில் பல நகரங்களுக்குப் போனது. ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் 2024 பாரிஸோடு குதிரையேற்றம் விடைபெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடத்துக்குத் தடையோட்டம் வருகிறது. அந்தக் களத்தில் சேறு கிடையாது. ஆனால் இந்த விளையாட்டை முதன்முதலாகப் பழகுகிறவருக்குச் சேற்றைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார்.

சேறு ஏன் பிடிக்கிறது?

களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மணல் உருண்டை என்றால் களிமண் தகடு. இந்தத் தகடுகளின் முகத்திலும் விளிம்பிலும் வெவ்வேறு மின்னேற்றம் இருப்பதால், தண்ணீரில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து சீட்டுக்கட்டு வீடுபோல ஒரு கட்டமைப்பாக நிற்கின்றன. நடுவில் தண்ணீர் சிறைப்பட்டிருக்கும். அசைக்காதவரை அது ஏறக்குறைய திடப்பொருள். அசைத்தால் சீட்டு வீடு சரிந்து குழம்பாகும். கெட்டித் தயிரில் கரண்டியை விட்டுக் கலக்கினால் இளகுவதுபோல. தயிர் அதன்பின் பழையபடி உறைவதில்லை. சேறு உறையும். சற்று நேரம் சும்மா விட்டால் தகடுகள் மறுபடி சாய்ந்து சேர்ந்துகொள்ளும்.

கால் மாட்டிக்கொள்வதன் பாதிக் கதை இதுதான். மிதித்த வேகத்தில் சேறு இளகிக் காலுக்கு வழிவிடுகிறது. நின்றுவிட்டால் காலைச் சுற்றி இறுகுகிறது. மீதிப் பாதி காற்றழுத்தம். காலை நேர்மேலே இழுக்கும்போது உள்ளங்காலுக்குக் கீழே வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. அதை நிரப்பக் காற்றும் போகமுடியாது, கெட்டிச் சேறும் சட்டென்று பாயாது. மேலே இருக்கும் வளிமண்டலமோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. உள்ளங்கால் 150 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். முழு வெற்றிடத்தில் பத்தில் ஒரு பங்கு உருவானாலே ஒவ்வொரு அடியிலும் 15 கிலோவைக் கூடுதலாகத் தூக்குகிறோம்.

2005இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதைமணலை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதில் சிக்கிய காலை விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் வெளியே இழுக்க, நடுத்தரக் கார் ஒன்றைத் தூக்கும் அளவு விசை வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அடியில் படியும் மணலின் அடர்த்தி மனித உடலைப்போல இருமடங்கு என்பதால், ஆள் இடுப்புக்குமேல் மூழ்கமாட்டார் என்றும் கண்டார்கள். மெல்ல அசைத்து அசைத்துக் காலைச் சுற்றித் தண்ணீர் புகவிட்டால் பிடி தளரும்.

கழனிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஏரும் டிராக்டரின் கேஜ் வீலும் வருடக்கணக்கில் மிதித்ததில், மேல்சேற்றுக்கு ஒரு சாண் ஆழத்தில் இறுகிய தளம் ஒன்று உருவாகியிருக்கிறது. தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் தேக்குவது அதுதான். இறங்கியவுடன் காலில் தட்டுப்பட்ட கெட்டியும் அதுதான். ஏரியின் உள்வாயில் அந்தத் தளத்தை நம்பமுடியாது. வண்டல் எடுத்த பள்ளங்கள் எங்கே என்பது மேலிருந்து தெரியாது. பயிற்சிக்கு ஏரிச் சேற்றில் ஒருபோதும் இறங்கவேண்டாம்.

மாடும் நாரையும் சொல்லித்தருவது

மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஊன்றும்போது விரிந்து எடையைப் பரப்புகிறது. எடுக்கும்போது ஒடுங்கி, பக்கத்தில் இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளியில் காற்றும் தண்ணீரும் இறங்கிவிடும். மதுராந்தகத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் வேடந்தாங்கலுக்குப் போனால் இதே வித்தையை நாரையிடமும் கொக்கிடமும் பார்க்கலாம். நீண்ட விரல்களை விரித்து ஊன்றும். தூக்கும்போது விரல்கள் ஒன்றாக மடங்கிக் குச்சிபோல வெளியே வரும். இறங்கும்போது அகலம், ஏறும்போது குறுகல். சேற்றில் வாழும் உயிர்களுக்கு இது பொது விதி.

மனிதக் காலுக்கும் அந்த விதி பொருந்தும். காலை நேர்மேலே பிடுங்காமல், குதிகாலை முதலில் கிளப்பிக் காலைச் சற்றுத் திருப்பினால் பின்பக்கமாகக் காற்று நுழையும். பிறகு விரல்நுனி கீழ்நோக்கியபடி, உறையிலிருந்து கத்தியை உருவுவதுபோல வரும். அடி குறுகியதாக இருக்கட்டும். நிற்காதீர்கள், நின்றால் சேறு இறுகும். எல்லாரும் மிதித்துக் குழைந்த நடுவழியா, ஓரமா, எது சுலபம் என்று இறங்குவதற்குமுன் பாருங்கள்.

ஆழம் அதிகமென்றால் நடப்பதை விட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் இரண்டு காலில் நிற்கும்போது சேற்றின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 200 கிராம் தாங்குகிறது. 3,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு படியக் குப்புறப் படுத்தால் அது 20 கிராம்தான். மாடுகள் இழுக்க, ஆள் ஏறி நிற்கும் பரம்புப் பலகை சேற்றுக்குள் முழுகாமல் வழுக்கிச் செல்வதும் இதே கணக்கில்தான்.

கயிறும் சுவரும் மூட்டையும்

சேற்றுக்கு அடுத்த தடைகளுக்கும் நம் ஊரில் பழைய உறவினர்கள் உண்டு. கயிற்றில் கைபலத்தால் மட்டும் ஏறுகிறவர் பாதியில் தொங்கிப்போவார். பனையேறிகளைப் பாருங்கள். இரு பாதங்களையும் சேர்த்துத் தளைநாரை மாட்டி மரத்தைக் கவ்விக்கொள்கிறார்கள். உயர்த்துவது கால், பிடிப்பதுதான் கை. கயிற்றிலும் ஒரு பாதத்தின்மேல் கயிற்றை ஓடவிட்டு மறுபாதத்தால் மிதித்துப் பூட்டினால், எழுந்து நிற்கும் அளவே உழைப்பு.

கையில் சேறு இருந்தால் உராய்வு போய்விடும். கண்ணன் பிறந்தநாளில் எண்ணெய் தடவிய வழுக்கு மரத்தில் ஏறுகிறவர்களுக்கு இது தெரியும். அவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் போகிறார்கள். உயரச் சுவர்த் தடைக்கும் அதே வழி: கீழிருப்பவர் தோள் கொடுக்க, மேலே போனவர் கை கொடுக்கிறார். தனியாளாகத் தாண்டமுடியாத தடைகளை வேண்டுமென்றே வைக்கும் பந்தயங்கள் பல. மூட்டை சுமக்கும் தடையோ இளவட்டக்கல்லின் தம்பி. முதுகை வளைத்துத் தூக்காமல் உட்கார்ந்து, நெஞ்சோடு அணைத்து, தொடையின் பலத்தில் எழ வேண்டும்.

எட்டு வாரத் தயாரிப்பு

ஓரளவு நடக்கவும் ஓடவும் பழகியவருக்கு எட்டு வாரம் போதும். மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஆகவே 5 கிலோமீட்டர் பந்தயத்துக்கு, சாலையில் 8 கிலோமீட்டர் நிதானமாக ஓடும் மூச்சு தேவை.

முதல் மூன்று வாரம் ஏரிக்கரைமேல் நடையும் ஓட்டமும் மாறி மாறி, வாரத்துக்கு நான்கு நாள். கூடவே உட்கார்ந்து எழுதல், தண்டால், தவழுதல். உறுதியான வேப்பங்கிளையில் தொங்கிப் பழகுங்கள். 20 விநாடியில் தொடங்கி ஒரு நிமிடத்தை எட்டினால் கைப்பிடி பந்தயத்துக்குத் தயார். அடுத்த மூன்று வாரம் 10 கிலோ மணல் மூட்டையோடு கரைச் சரிவில் ஏறி இறங்குங்கள். வாரம் ஒருமுறை சேறு. கழனிக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சேடை ஓட்டிய பின் பரம்பு அடிப்பதற்கு முன் இறங்குங்கள். நட்ட கழனியிலும் நாற்றங்காலிலும் கால் வைக்கக்கூடாது. கடைசி இரண்டு வாரம் ஓட்டத்துக்கு நடுவே தடைகளைக் கலந்து பழகி, இறுதி நான்கு நாள் உடம்பை ஓயவிடுங்கள்.

இந்தக் கடலோரப் புழுக்கத்தில் வேர்வை எளிதில் உலராது, உடம்பு சூடேறும். விடியற்காலையில் பயிற்சி, முந்தைய நாளிலிருந்தே உப்பிட்ட மோரும் நீராகாரமும். பந்தய நாளில், தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லி போதும். புதிய உணவு எதையும் அன்று சோதிக்காதீர்கள். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும் என்பதால், உடம்போடு ஒட்டிய மெல்லிய செயற்கை இழை உடை நல்லது. ஷூவின் அடியில் ஆழமான பற்கள் வேண்டும். கயிற்றை இரட்டை முடிச்சிடுங்கள். மோதிரம், சங்கிலி, மெட்டி எல்லாம் வீட்டில் இருக்கட்டும். மோதிரம் தடையில் மாட்டினால் விரலின் தோலே உரிந்துவிடக்கூடும்.

அஞ்ச வேண்டியவை

2013இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த பந்தயத்தில், உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கும் தடையில் ஒருவர் மூழ்கினார். பிறகு மருத்துவமனையில் உயிர் போனது. தண்ணீர்த் தடையில் மீட்பு நீச்சல்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள். முன்னே குதித்தவர் விலகியபின் மட்டும் குதியுங்கள். தலைகீழாக ஒருபோதும் பாயாதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் அந்தத் தடையைத் தவிர்ப்பது தோல்வி ஆகாது.

சேற்று நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், சிராய்ப்பு வழியே எலிக்காய்ச்சல் கிருமி நுழையும். 2000இல் மலேசியாவின் சபாவில் நடந்த சாகசப் பந்தயத்தில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பின்னர் தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் வந்திருந்தன. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும். அப்போது மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டியது 'சேற்றில் இறங்கினேன்' என்பதுதான். நெற்கழனி மண்ணில் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்தானது; அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி நிலுவையில் இருந்தால் போட்டுவிடுங்கள். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்தால் சேற்றுப்புண் அண்டாது.

சேறு பிடிப்பதன் பயன்

பந்தயம் முடிந்தபின்னும் இந்தப் பயிற்சி வீணாகாது. 2015 டிசம்பர் வெள்ளம் செங்கல்பட்டுப் பக்கத்துக்கும் சென்னைக்கும் நினைவிருக்கும். அப்போது இடுப்பளவு நீரில், அடி தெரியாத தெருவில், முதியவரைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெரிந்த கால்கள் தேவைப்பட்டன. எபேர் எதற்காக உடம்பைப் பழக்கச் சொன்னாரோ, அது இதற்காகத்தான்.

கழனிக்குத் திரும்புவோம். நடுகிறவரின் கட்டைவிரல் நாற்றின் வேரை அழுத்தும் நொடியில் சேறு இளகி வழிவிடுகிறது. விரல் வந்ததும் தகடுகள் மெல்லச் சேர்ந்து வேரைச் சுற்றி இறுகுகின்றன. மறுநாள் காற்றிலும் நாற்று சாயாமல் நிற்கிறது. நம் காலைப் பிடித்த அதே குணம்தான். அதைச் சேற்றின் குற்றமாக எண்ணி முரட்டுத்தனமாக இழுக்கிறவர் நூறடியில் களைத்துப்போகிறார். எப்போது இளகும், எப்போது இறுகும் என்று அறிந்து நடக்கிறவர், மதியத்துக்குள் ஒரு கழனியையே பச்சையாக்கிவிட்டுக் கரையேறுகிறார்.