கையெழுத்துப் போடப் போவது யார்?

மலேசியத் தோட்டத்தில் இருந்தவரை இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. படுத்துவிட்டவரை முதலில் பார்ப்பவர் தோட்டத்து டிரெஸ்ஸர். அவர் கையை விரித்தால் பெரியாஸ்பத்திரி. கூடப் போவது மூத்த மகன், இல்லையென்றால் தாய்மாமன். பாரத்தில் ரேகை வைப்பதும் அவர்தான். "டாக்டரய்யா, பார்த்துச் செய்யுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வழக்கம் இல்லை. அன்பில் குறை சொல்ல முடியாது. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1970களில் சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் ஷிப்ட் வேலைக்கு அங்கே வந்தார்கள். பின்னாளில் பெற்றோரையும் அழைத்துக்கொண்டார்கள். வீடு மாறியது, முடிவெடுக்கும் முறை மாறவில்லை. யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே நாலைந்து சொந்தக்காரர்கள் கூடிப் பேசினால் போதும்.

அன்று ஷிப்டுக்கு வந்த பெண்களுக்கே இன்று எழுபது வயதாகிறது. அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருப்பார்கள். மகன் சிங்கப்பூரிலோ பெர்த்திலோ இருப்பான். திடீரென்று பக்கவாதம் வந்து நினைவு தப்புகிறது. செயற்கை சுவாசம் வைக்கலாமா, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கலாமா என்று மருத்துவர் கேட்கிறார். குளிப்பாட்டி, சோறூட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்த மகள், "அம்மா குழாயெல்லாம் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்கிறாள். "எல்லாம் செய்யச் சொல்லு, நான் வந்துகிட்டே இருக்கேன்" என்று வாட்ஸ்அப்பில் மகனின் குரல். இருவருக்கும் அம்மா மேல் உயிர். ஆனால் அம்மாவின் வாயிலிருந்து அதைக் கேட்டவள் மகள் ஒருத்திதான். அவள் சொல்லுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் தாள் எதுவும் அங்கே இல்லை.

"பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்திருக்கிறோமே" என்பார்கள். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதும் அந்தப் பத்திரம் வீடு, நிலம், பணம் போன்ற காரியங்களுக்குத்தான் பயன்படும். எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்துவிட்டார் என்று தீர்ப்பானால் பொதுவாக அதுவும் செல்லாது. மிகத் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பொறுப்பாளரை நியமிக்கக் கேட்கலாம். ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. அப்படி நியமிக்கப்படுபவரும் நோயாளி தானே தேர்ந்தெடுத்தவர் அல்லர்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 2010 முதல் நடப்பில் உள்ள மனத்திறன் சட்டப்படி, 21 வயதானவர் தெளிவாக இருக்கும்போதே தனக்காகப் பேச ஒருவரை நியமித்துப் பதிந்து வைக்கலாம். அங்கும் ஒரு வரம்பு உண்டு: உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய கடைசி முடிவு மருத்துவரிடமே இருக்கிறது. இந்தியாவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்பத்தை ஏற்றது. அதில் தன் சார்பில் பேசுபவரின் பெயரையும் குறிக்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்த நடைமுறையை 2023-இல் தளர்த்தி, நோட்டரி போதும் என்றார்கள். நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தே ஆக வேண்டும். முதியோர் பெருகும் நாட்டில் இதைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

அதுவரை ஒரு வழி உண்டு. இன்ன நிலையில் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி வைத்திருந்தால், மருத்துவர் அதைச் செய்யாமல் விலக வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் ஒப்புதல் வழிகாட்டி சொல்கிறது. ஆகவே எழுதுங்கள். வேண்டாதவை எவை, யாரைக் கேட்க வேண்டும், அவருடைய தொலைபேசி எண் என்ன, எல்லாவற்றையும் எழுதித் தேதி போட்டு, சாட்சியோடு கையெழுத்திடுங்கள். பெயர் குறிப்பதால் மட்டும் அவருக்குச் சட்ட அதிகாரம் வந்துவிடாது. ஆனாலும் மருத்துவருக்கு உங்கள் மனம் தெரியும். வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்கிலும் ஒரு பிரதி கொடுங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கும்போது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "இப்ப எதுக்கும்மா இந்தப் பேச்சு" என்பார்கள். படித்து முடித்துவிட்டு, சிங்கப்பூர் திரும்பும் மகன் கையிலும் ஒரு பிரதியைக் கொடுத்து அனுப்புங்கள்.