ஆட்சிக்கு வந்த ஆசிரியரும் ‘கடற்கொள்ளையர்’ என்ற பெயரும்

ஷார்ஜா என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது 1980களின் கிரிக்கெற். 1972 முதல் அதை ஆண்டுவரும் ஷேக் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி ஒரு வரலாற்றாசிரியர் என்பது, இங்கே வருடக்கணக்காக உழைப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் வரலாற்று விரிவுரையாளனாக இருந்து, இன்று இந்நகரில் பிளாஸ்ரிக் போத்தல் செய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை பார்ப்பவன் என்ற வகையில், எனக்கு இம்மனிதர்மீது அக்கறையும் உண்டு, சந்தேகமும் உண்டு.

1939இல் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் ஷார்ஜாவின் கைத்தொழிற் பாடசாலையில் ஆங்கிலமும் கணிதமும் படிப்பித்தார். பின் கெய்ரோவில் விவசாய விஞ்ஞானப் பட்டம். 1971 டிசம்பரில் உருவான ஐக்கிய அரபு அமீரகத்தின் முதலாவது கல்வி அமைச்சர் இவரே. அடுத்த மாதமே, 1965இல் பதவியிழந்த முன்னாள் ஆட்சியாளர் சக்ர் நடத்திய கிளர்ச்சியில் சகோதரர் காலித் கொல்லப்பட, ஆட்சி இவரிடம் வந்தது. குடும்ப உரிமையால் வந்த ஆட்சி. 1987இல் இன்னொரு சகோதரர் அதைப் பறிக்க முயன்றார்; ஏனைய அமீரகத் தலைவர்கள் தலையிட்டு மீட்டுக் கொடுத்தனர்.

ஆட்சியில் இருந்தபடியே 1985இல் எக்ஸிற்றரிலும் 1999இல் டர்ஹாமிலும் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1986இல் வெளிவந்த அவரது நூல்தான் நமக்கு முக்கியம். வளைகுடாவின் இந்தக் கரைக்குப் பிரித்தானியர் இட்ட பெயர் ‘கடற்கொள்ளையர் கரை’. 1809இலும் 1819இலும் பம்பாயிலிருந்து வந்த படைகள் காசிமிகளின் ராஸ் அல் கைமாவைத் தாக்கிக் கப்பல்களை எரித்தன. 1820இல் ஒப்பந்தம் திணிக்கப்பட்டது. சுல்தானின் வாதம் இது: கொள்ளை என்பது சாட்டு. இந்திய வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கூடிய பங்கு வேண்டியிருந்தது, அதற்குப் போட்டியாளர் அகற்றப்பட வேண்டியிருந்தது. இதை அவர் நிறுவ முயன்றது கம்பனியின் சொந்தப் பம்பாய் ஆவணங்களைக் கொண்டே. எதிரியின் காகிதத்தை எதிரிக்கெதிராக வாசிக்கும் இந்த முறை, ‘பயங்கரவாதி’ என்ற சொல்லின் கீழ் வாழ்ந்த நமக்கு உடனே பிடித்துப்போகும்.

எனது சந்தேகமும் இங்கேதான். காசிமிகள் அவருடைய மூதாதையர். எழுதுபவரும் ஆள்பவரும் ஒருவரே. 1997இல் சாள்ஸ் டேவிஸ் பிரித்தானியாவில் இதே விடயத்தை மீள ஆராய்ந்து நூல் வெளியிட்டார். விவாதம் அங்கே தொடர முடிந்தது. ஷார்ஜாவில் 1982 முதல் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, 1997இல் இரண்டு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. இவற்றை நான் சிறிதாக எண்ணவில்லை; 1981இல் நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவன் அப்படி எண்ணவும் முடியாது. ஆனால் கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடமில்லாத நாட்டில், ஆட்சியாளரின் ஆய்வை மறுத்து அவரது பல்கலைக்கழகத்தில் எந்த மாணவன் ஆய்வேடு எழுதுவான்?

நமது இயக்கங்கள் தம்மைப்பற்றித் தாமே எழுதிய வரலாறுகளிடமும் இதே கேள்வியைக் கேட்கலாமென நினைக்கிறேன். உடன்படாதவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.